பச்சைக் கம்பி எங்கே போகிறது?



இதழுக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழுத் தோழி என் விடுதி அறைக்கு வந்தபோது, "குறுந்தொகையில் ஏதாவது எழுதேன்" என்றுதான் கேட்டாள். குறுந்தொகையைப் பற்றி எழுத இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஓரளவு தெரிந்தது மோட்டார் வயரிங். அதையே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

முதலில் கதை. சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டில் அம்மா பூக் கட்டுவார், அப்பா விடியற்காலையில் அவற்றைக் கோயில்களுக்கும் வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். இருபது ஆண்டுகளாக இதுதான் எங்கள் வரும்படி. 2022இல் இனிப்புநீர் நோயினால் அப்பாவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஓராண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு மாமாதான் தம் மோட்டாரில் பூக்களைக் கொண்டுபோனார். அதற்காக அப்பா அவரிடம் நன்றி சொல்லும்போதெல்லாம் அவர் குரல் வேறு மாதிரி இருக்கும். அதைக் கேட்கப் பிடிக்காமல்தான், "நம்ம பழைய இ.எக்ஸ்.5க்கு ரெண்டு பக்கமும் சக்கரம் போட்டுடலாம்பா" என்றேன்.

உடற்பேறு குறைந்தோருக்காக இப்படிப் பக்கச் சக்கரம் பொருத்திய மோட்டார்களை நம் நாட்டுச் சாலைகளில் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் ஒவ்வொன்று, பக்கங்களில் இரண்டு. கணக்குப்படி நான்கு சக்கரம். ஆனாலும் எல்லாரும் அதை 'ரோடா தீகா' என்றுதான் சொல்கிறார்கள். இத்தகைய மாற்றத்திற்கு ஜே.பி.ஜே.யின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனையும் தேவை. ஆகவே ஆசைப்பட்டவுடன் வெல்டிங் கடைக்கு ஓடிவிட வேண்டாம். தாள் வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் முடித்தோம். சக்கரங்களையும் இரும்புச் சட்டத்தையும் ஒரு பட்டறையில் பொருத்தினார்கள். வயரிங் மட்டும் என் பொறுப்பு. மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டதன் விளைவு.

வலது கால் இல்லை என்பது மோட்டாரின் பார்வையில் இரண்டு இழப்பு. பின் பிரேக் மிதி வலது பக்கம் இருக்கிறது. உதைத்து எஞ்சினைக் கிளப்பும் கிக் ஸ்டார்ட்டரும் வலது பக்கமே. கியர் இடது பக்கம் இருப்பதால் அதில் தொல்லையில்லை. நல்ல வேளையாக, கப்சாய் வகை மோட்டார்களில் கிளட்ச் பிடி கிடையாது. அதனால் இடது கைப்பிடி வெறுமையாக இருக்கும். அங்கே ஒரு பிடியைப் பொருத்திப் பின் பிரேக்கின் கேபளை அதற்குக் கொண்டுவந்தார் பட்டறை அண்ணன். மற்றவை எல்லாம் மின்சாரத்தின் வேலை.

இனி வயர்களுக்கு வருவோம். ஹோண்டா மோட்டாரின் விளக்குக் கூட்டைக் கழற்றினால் வண்ண வண்ணமாகக் குடல் வெளியே வரும். பயப்படத் தேவையில்லை. அந்த வண்ணங்களுக்கு இலக்கணம் உண்டு. சிவப்பு, பேட்டரியின் நேர்முனையிலிருந்து வருவது. அதில் எப்போதும் மின்சாரம் இருக்கும். கறுப்பு, சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறுவது. பச்சை, எல்லா மின்சாரமும் பேட்டரிக்குத் திரும்பிப்போகும் வழி, அதாவது எர்த். இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. மற்றவற்றில் ஆரஞ்சு இடது சிக்னல், இளநீலம் வலது சிக்னல், பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் கோடு போட்ட பச்சை பிரேக் லைட், சாம்பல் சிக்னல் ரிலேயிலிருந்து வருவது. ஓர் எச்சரிக்கை: இது ஹோண்டாவின் இலக்கணம். யமஹாவில் கறுப்புதான் எர்த், பழுப்புதான் சாவிக்குப் பிந்திய மின்சாரம். இரண்டு நிறுவனங்களின் உதிரிப் பாகங்களையும் கலந்து பூட்டி, வண்ணத்தை மட்டும் நம்பிக் கறுப்போடு கறுப்பை இணைத்தால், சாவியைத் திருப்பியதும் பியூஸ் போகும். பியூஸ் இல்லையென்றால் வயர் போகும்.

அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது? பேட்டரியிலிருந்து என்று சொல்வீர்கள். பாதிதான் சரி. எஞ்சினின் இடது பக்க மூடிக்குள் காந்தம் பதித்த ஒரு சக்கரம் கம்பிச் சுருள்களைச் சுற்றிச் சுழல்கிறது. 1831இல் பாரடே கண்டுபிடித்துச் சொன்ன அதே விதிதான். காந்தம் சுழலச் சுழலச் சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆனால் அது திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏ.சி. மின்சாரம். பழைய கார்புரேட்டர் இ.எக்ஸ்.5இல் தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தனிச் சுருள் ஒன்று நேரடியாகத் தருகிறது. முன்விளக்குக்கும் பின்விளக்குக்கும் மஞ்சள் வயர் வழியாக ஏ.சி. மின்சாரமே போகிறது. மோட்டார் மெதுவாக ஓடும்போது முன்விளக்கு மங்குவது இதனால்தான். வெள்ளை வயர் ரெக்குலேட்டர் ரெக்டிபையருக்குப் போய், அங்கே ஒரு திசை மின்சாரமாகி, சிவப்பு வயர் வழியாகப் பேட்டரியை நிரப்புகிறது. சிக்னல், ஹார்ன், பிரேக் லைட், ஸ்டார்ட்டர் மோட்டார் ஆகியவை பேட்டரியை நம்பி வாழ்பவை.

ஆகவே பேட்டரி செத்தாலும் இந்த மோட்டாரின் எஞ்சின் ஓடும். அதனால்தான் நம் ஊரில் பலர் பேட்டரியைப் பற்றிக் கவலைப்படாமல் ஆண்டுக்கணக்கில் உதைத்தே ஓட்டுகிறார்கள். அப்பாவால் உதைக்க முடியாது. அவருக்குப் பேட்டரி செத்தால், விடியற்காலை ஐந்து மணிக்கு யாருடைய வீட்டு வாசலிலாவது நின்று, "தம்பி, கொஞ்சம் உதைச்சு விடறீங்களா" என்று கேட்க வேண்டும். எந்தக் குரலை நிறுத்துவதற்காக இவ்வளவும் செய்தோமோ அதே குரல். எனவே பேட்டரி எனக்கு மிக முக்கியமாயிற்று.

சிறு கணக்கு ஒன்று. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 40 ஆம்பியர் எடுக்கிறது என்றும், ஒவ்வொரு முறையும் 3 விநாடி சுழல்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு தடவைக்கு 120 ஆம்பியர்-விநாடி. 30 வீட்டில் நிறுத்தி 30 தடவை கிளப்பினால் 3,600 ஆம்பியர்-விநாடி, அதாவது 1 ஆம்பியர்-மணி. எங்கள் பேட்டரியின் கொள்ளளவே 5 ஆம்பியர்-மணிதான். வீட்டுக்கு வீடு ஊர்ந்து போகும் ஓட்டத்தில் அது மீண்டும் நிரம்ப நேரமிருக்காது. இதை அப்பாவிடம் விளக்கினேன். "அப்ப பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் எஞ்சின அணைக்காம போகச் சொல்றே, அவ்வளவுதானே பாப்பா?" என்றார். அவ்வளவுதான். நான் தாளில் போட்ட கணக்கு அவருக்குத் தேவைப்படவில்லை.

ஸ்டார்ட்டர் சுற்றில் இரு வகை வயர்கள் உண்டு. பேட்டரியிலிருந்து ரிலேவுக்கும், ரிலேயிலிருந்து மோட்டாருக்கும் தடித்த வயர். கைப்பிடியில் உள்ள பொத்தானுக்கு மெல்லிய வயர். பொத்தான் ரிலேக்குள் இருக்கும் சிறு சுருளை மட்டும் இயக்குகிறது. அந்தச் சுருள் காந்தமாகி, பெரிய மின்சாரத்திற்கான கதவைத் திறக்கிறது. இருக்கைக்கு அடியிலிருந்து 'டிக்' என்று கேட்டும் மோட்டார் சுழலவில்லையென்றால், பொத்தானில் பழுதில்லை. பேட்டரி பலவீனமாக இருக்கிறது, அல்லது தடித்த வயரின் முனை தளர்ந்திருக்கிறது. 'டிக்' சத்தமே இல்லையென்றால் மெல்லிய வயரின் பக்கம் தேடுங்கள். இதொன்றைத் தெரிந்து வைத்திருந்தால் பட்டறையில் பாதிப் பணம் மிச்சம்.

பிரேக் லைட்டுக்கு வருவோம். பலர் தவறவிடுவது இதைத்தான். பின் பிரேக்கின் விளக்கு சுவிட்ச், மிதியோடு ஒரு சிறு ஸ்பிரிங்கினால் கட்டப்பட்டிருக்கும். மிதியை அழுத்தினால் ஸ்பிரிங் இழுத்து விளக்கு எரியும். நாங்கள் பிரேக்கைக் கைக்குக் கொண்டுவந்துவிட்டோம், சுவிட்ச் மட்டும் கீழேயே கிடந்தது. அப்படியே விட்டிருந்தால் அப்பா பின் பிரேக் பிடிக்கும்போது பின்னால் வரும் லாரிக்கு எதுவும் தெரியாது. ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் செல்கிறது. விடியற்காலையில் அதில் லாரிகளுக்குக் குறைவில்லை. புதிய இடது பிடியிலேயே சுவிட்ச் பொருத்தும் துளை இருந்தது. கறுப்பு வயரிலிருந்து மின்சாரம் எடுத்து, சுவிட்ச் வழியாக மஞ்சள் கோடு போட்ட பச்சைக்குக் கொடுத்தேன். முன் பிரேக்கின் சுவிட்சும் இதுவும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தொடர் சுற்று, இணைச் சுற்று என்று இரண்டு படம் வரைந்து வண்ணம் தீட்டினோமே, அதேதான். இணையாகக் கொடுத்தால் எந்தப் பிரேக்கைப் பிடித்தாலும் விளக்கு எரியும். தொடராகக் கொடுத்துவிட்டால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் எரியும்.

பக்கச் சக்கரங்களின் மேல் ஒவ்வொரு விளக்குப் பெட்டி வைத்தோம். பெட்டிக்குள் பிரேக்கும் பின்விளக்கும் சேர்ந்த பல்பு ஒன்று, சிக்னல் பல்பு ஒன்று. அகலமான வண்டியின் அகலம் பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டுமல்லவா? வயர்களை எல்லாம் ஒழுங்காக இணைத்தேன். எர்த்துக்கு மட்டும் சோம்பல்பட்டேன். பெட்டி இரும்பு, சட்டம் இரும்பு, சட்டம் மோட்டாரின் உடலோடு போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கிறது. பச்சை வயரைப் பெட்டியின் திருகாணியில் கட்டினால் போதும், மின்சாரம் இரும்பு வழியாகத் திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேன்.

இரவு சோதித்துப் பார்த்தோம். அப்பா பிரேக்கைப் பிடித்தார். பெட்டிகளின் பிரேக் லைட் அரைகுறையாக எரிந்தது. கூடவே சிக்னல் விளக்குகளும் மங்கலாக எரிந்தன, முன்னால் உள்ளவையும் சேர்த்து! சிக்னல் சுவிட்சை யாரும் தொடவில்லை. "என்ன பாப்பா, மோட்டாருக்கு சாமி வந்துடுச்சா?" என்றார் அப்பா. அம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நடந்தது இதுதான். சட்டத்திற்கு அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். போல்ட்டுகளுக்கு அடியிலும் பெயிண்ட், இடையில் அதிர்வு தாங்க ரப்பர். மின்சாரம் திரும்பிப் போக வழியே இல்லை. மின்னோட்டத்திற்குப் போக ஒரு வழி அடைபட்டால் வேறு வழி இருக்கிறதா என்று தேடும். பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் பெட்டியின் எர்த் திருகாணியை அடைந்தது. அங்கிருந்து வெளியேற முடியாமல், அதே திருகாணியில் கட்டப்பட்டிருந்த சிக்னல் பல்புக்குள் பின்பக்கமாகப் புகுந்தது. ஆரஞ்சு வயரில் எதிர்த்திசையில் ஏறி, முன் சிக்னல் பல்பைக் கடந்து, அங்கே இருந்த ஒழுங்கான எர்த்தைப் பிடித்து வீடு திரும்பியது. வழியிலுள்ள பல்புகள் எல்லாம் தொடர் சுற்றாகிவிட்டதால் 12 வோல்ட்டை அவை பங்குபோட்டுக்கொண்டன. ஆகவே எல்லாமே மங்கல். 25 வெள்ளி மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையைப் பெட்டியின் திருகாணியிலும் வைத்து, அப்பாவைப் பிரேக் பிடிக்கச் சொன்னேன். பூச்சியத்துக்கு அருகில் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒரு விளக்கைத் தொட்டால் வேறொரு விளக்கு எரியும் பைத்தியக்காரத்தனம் எந்த மோட்டாரில் தெரிந்தாலும், முதலில் பச்சைக் கம்பி எங்கே போகிறது என்று பாருங்கள்.

முழுமையாக அறுந்தால்தான் தொல்லை என்றில்லை. 18 வாட் பிரேக் பல்பு 12 வோல்ட்டில் 1.5 ஆம்பியர் எடுக்கும், அதாவது எரியும்போது அதன் தடை 8 ஓம். துருப்பிடித்த எர்த் முனையில் 1 ஓம் கூடினாலே ஏறக்குறைய 1.3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். 18 வாட் பல்பு 14 வாட் பல்பாகிவிடும். இரு பெட்டிகளிலிருந்தும் தனித்தனிப் பச்சை வயரை இழுத்து, எஞ்சினின் எர்த் முனைக்கே கொண்டுபோய் முடுக்கினேன். மீட்டரில் 0.1 வோல்ட். சாமி மலையேறியது.

இரண்டாவது வாரம் பியூஸ் போனது. பக்கச் சக்கரத்தின் கை மேலும் கீழும் அசையும்போது வயர் இரும்பில் உரசி, மேலுறை தேய்ந்திருந்தது. அசையும் இடத்தில் வயருக்குக் கொஞ்சம் தாராளம் கொடுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் எங்கும் நான் படிக்காதது. கைப்பிடித் தலையிலும் அப்படியே. இடம், வலம் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்த பிறகே வயர்களைக் கட்ட வேண்டும். அன்றைக்கு அவசரத்திற்கு ஒரு கடையில் நிறுத்திய அப்பாவிடம், "10 ஆம்பியர் அடிக்கடி போகும், 20 போட்டுக்குங்க" என்று அறிவுரை சொல்லியிருக்கிறார்கள். நல்ல வேளை, அப்பா எனக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். பியூஸ் காப்பாற்றுவது பல்பை அல்ல, வயரை. மெல்லிய வயர் தாங்கும் அளவுக்கு முன்பே பியூஸ் போய்விட வேண்டும். 20 போட்டிருந்தால் பியூஸ் நிலைத்திருக்கும், உரசிய வயர் சூடேறி உருகும். அது போகும் வழியில்தான் பெட்ரோல் குழாயும் இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைக்காரர் சொன்னதில் ஓர் உண்மையும் இருந்தது. மூன்று பிரேக் பல்பு 54 வாட், 4.5 ஆம்பியர். ஒரு பக்கச் சிக்னலுக்கு மூன்று 10 வாட் பல்பு, 2.5 ஆம்பியர். ஹார்னுக்கு ஒன்றரை என்று வைத்தால் மொத்தம் 8.5. பத்துக்கு மிக அருகில். பேட்டரிக்கும் இது நல்லதல்ல. எனவே அடுத்த விடுமுறையில் பின்பக்கமுள்ளவற்றையும் சிக்னல்களையும் எல்.இ.டி.க்கு மாற்றினேன். உடனே புதிய தொல்லை: சிக்னல் மின்னவில்லை. பழைய ரிலே, தன் வழியாகப் போகும் மின்னோட்டத்தின் அளவை நம்பித் துடிப்பது. எல்.இ.டி. எடுக்கும் துளி மின்சாரம் அதற்குப் போதவில்லை. எலக்ட்ரானிக் ரிலே ஒன்று வாங்கினேன். அதற்கு மூன்று கால். கறுப்புக்கும் சாம்பலுக்கும் உள்ள இரண்டு போக, மூன்றாவது காலை எர்த்துக்குக் கொடுக்க வேண்டும். பின்விளக்கிலும் ஒரு சிக்கல். பழுப்பு வயரில் வருவது ஏ.சி. என்பதால் எல்.இ.டி. துடித்துத் துடித்து எரிந்தது. அதைக் கறுப்பு வயருக்கு மாற்றியதும் அடங்கியது. முன்விளக்கை மட்டும் பழைய பல்பாகவே விட்டுவிட்டேன். பின்விளக்குகளின் சுமை மஞ்சள் வயரிலிருந்து நீங்கியதால் மெதுவான ஓட்டத்திலும் அது முன்பைவிட நன்றாகவே எரிகிறது.

முன்விளக்கு எப்போதும் எரிய வேண்டியதும்கூட. 1992 செப்டம்பரிலிருந்து நம் நாட்டில் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கோடுதான் ஓட வேண்டும். சிரம்பான், ஷா ஆலாம் வட்டாரங்களில் பின்னர் நடந்த ஆய்வில், பிறர் கண்ணில் படாததால் நேரும் மோட்டார் விபத்துகள் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

இணைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது நம் தேசியப் பழக்கம். நம் வெயிலில் டேப்பின் பசை இளகும், நம் மழையில் உள்ளே நீர் புகும், செம்பு பச்சை பூக்கும். ஈயம் வைத்துப் பற்றினால் உறுதி என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஈயம் பற்றிய இடத்தில் வயர் விறைப்பாகிவிடுவதால் அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறிகிறது. முனைகளை அழுத்திப் பொருத்தும் கருவியால் இறுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் குழாய் போடுவதுதான் இதுவரை எனக்குக் கைகொடுத்தது.

எழுதும்போது ஒன்றைக் கவனித்தேன். இடைநிலைப்பள்ளியில் 'ஆருஸ்', 'ரிந்தாஙான்' என்று மலாயில் படித்தேன். பல்கலைக்கழகத்தில் எல்லாம் ஆங்கிலம். மின்னோட்டம், மின்தடை ஆகிய சொற்கள் தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு என் வாயில் வந்ததே இல்லை. அப்பாவுக்கு விளக்க வேண்டி வந்தபோதுதான் வந்தன. அவர் எர்த்தைத் 'திரும்புற கம்பி' என்கிறார். என் பாடப்புத்தகத்தில் உள்ள சொல்லைவிட அது நன்றாக இருக்கிறது.

சென்ற தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். விடியற்காலை நாலே முக்காலுக்கு ஸ்டார்ட்டர் சத்தம் கேட்டு விழித்தேன். ஒரே அழுத்தில் பிடித்துக்கொண்டது. ஏழரை மணிக்கு வெறும் கூடையோடு திரும்பிய அப்பா, "பாப்பா, ஹார்னுக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கு. திரும்புற கம்பியப் பாக்கணுமோ?" என்றார். பார்த்தேன். முனையில் துரு. சுரண்டி மாட்டினேன்.